வீடு இன்னொரு மருத்துவமனை ஆக வேண்டியதில்லை

நாள்பட்ட நோயுடன் வாழும் ஒருவர் எங்களிடம் வரும்போது அவருடைய இரத்தச் சர்க்கரையை அளக்கிறோம், இரத்த அழுத்தத்தை அளக்கிறோம், எடையைக் குறித்துக்கொள்கிறோம். ஆனால், நாங்கள் எழுதிக்கொடுக்கும் சிகிச்சை அவருடைய வீட்டில் நாள்தோறும் எவ்வளவு நேரத்தை எடுத்துக்கொள்கிறது, அந்த நேரம் யாருடைய நாளிலிருந்து போகிறது என்பதை நாங்கள் பெரும்பாலும் கேட்பதில்லை. குடும்பத்தினரும் சொல்வதில்லை. இரத்த அழுத்தத்தைப் போலவே அதையும் அளக்க வேண்டும், கூடியிருந்தால் குறைக்கவும் வேண்டும் என்பது பொது மருத்துவப் பிரிவில் பணியாற்றும் எனது உறுதியான கருத்து.

நோய் ஒன்று வீட்டுக்குள் வந்தவுடன் அன்புள்ள குடும்பம் செய்யும் முதற்காரியம், செய்யவேண்டிய வேலைகளைக் கூட்டிக்கொள்வதுதான். தனிச்சமையல், தனி நேரம், தனி மருந்து, தனிப் பரிசோதனை என்று ஒவ்வொன்றாகச் சேர்கிறது. ஏற்கெனவே நிறைந்திருக்கும் ஒரு நாளில் இவற்றுக்கு இடம் எங்கிருந்து கிடைக்கும் என்று எவரும் யோசிப்பதில்லை. கூட்டுவதற்கு முன்னால் கழிக்க வேண்டும். அவ்வாறு கழிப்பது கவனக்குறைவன்று; அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

ஒரு நாளின் கணக்கு

எடுத்துக்காட்டாக, ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். அறுபத்தெட்டு வயதான தாயார். அவருக்குச் சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், தைராய்டுக் குறைபாடு. மகனும் மருமகளும் வேலைக்குச் செல்பவர்கள். பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருவர். நம் ஊர்களில் இத்தகைய குடும்பத்தை எந்தத் தெருவிலும் காணலாம்.

காலையில் எழுந்தவுடன் தைராய்டு மாத்திரை. அதை வெறும் வயிற்றில் கொடுத்துவிட்டு, காபிக்கு முன் அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். பிறகு உணவுக்கு முன் ஒரு மாத்திரை, உணவுக்குப் பின் மூன்று மாத்திரைகள். பிள்ளைகளுக்கும் கணவருக்கும் ஒரு சமையல். அத்தைக்கு உப்புக் குறைத்து இன்னொரு சமையல். ஏழே முக்காலுக்குப் பள்ளி வேன். அலுவலகத்திலிருந்து மதியம் ஒரு தொலைபேசி அழைப்பு: "அத்தை, மாத்திரை போட்டீங்களா?" மாலையில் நடைப்பயிற்சிக்குத் துணை. இரவில் இன்சுலின் ஊசி, கால்களைப் பார்த்தல், மறுநாளைக்கான மாத்திரைகளை எடுத்து வைத்தல். இவற்றுக்கு மேல் மாதம் ஒருமுறை மருந்துக்கடை, இரத்தப் பரிசோதனை, மருத்துவர் சந்திப்பு. ஆண்டுக்கு ஒருமுறை கண் பரிசோதனை. இடையில் காப்பீட்டுத் தாள்கள்.

சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்பவர் இருக்கும் வீட்டில் கணக்கு இன்னும் பெரிது. வாரத்திற்கு இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் இயந்திரத்தில். போக்குவரத்தும் காத்திருப்பும் தனி. உடன் வருபவருடைய அந்த நாளும் அதனோடு முடிந்துவிடுகிறது.

இவற்றில் ஒவ்வொரு வேலையையும் தனியே எடுத்துப் பார்த்தால் சிறியதுதான், சரியானதுதான். ஒவ்வொன்றையும் எழுதிக்கொடுத்த மருத்துவருக்கு அதற்கான காரணமும் உண்டு. ஆனால் எல்லாம் சேர்ந்து விழுவது பெரும்பாலும் ஒரே தோளின் மீது. இந்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டில் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களைச் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடங்கள். நோய் வருவதற்கு முன்பே உள்ள கணக்கு இது. ஐந்து மணி நேரம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும் பாத்திரத்தில்தான் நாங்கள் எங்கள் மருந்துச் சீட்டையும் ஊற்றுகிறோம்.

சுமையும் ஒரு மருத்துவச் செய்தியே

"கவனித்துக்கொள்வது எங்கள் கடமை, அதைச் சுமை என்று சொல்லலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. கடமை என்பதில் ஐயமில்லை. ஆனால் உடல் கடமைக்கும் சுமைக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை. தூக்கம் குறைந்தால், ஓய்வு இல்லாவிட்டால், கவலை ஓயாவிட்டால், அன்பினால் செய்தாலும் உடல் தேய்கிறது.

இதற்கு ஆய்வுச் சான்றுகள் உண்டு. 1995ஆம் ஆண்டில் 'லான்செட்' இதழில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மறதிநோய் கொண்ட உறவினரைப் பராமரித்து வந்த பெண்கள் 13 பேருக்கும், அத்தகைய பொறுப்பு இல்லாத 13 பேருக்கும் தோலில் ஒரே அளவான சிறு காயம் ஏற்படுத்தப்பட்டு, அது எத்தனை நாளில் ஆறுகிறது என்று பார்க்கப்பட்டது. பராமரிப்பவர்களின் காயம் ஆறுவதற்குச் சராசரியாக 9 நாட்கள் கூடுதலாயின. சிறிய ஆய்வுதான், என்றாலும் மனச்சோர்வு மனத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதை அது காட்டியது. 1999ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் வெளியான இன்னோர் ஆய்வு, நோயுற்ற வாழ்க்கைத்துணையைக் கவனித்து வந்த முதியவர்களை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்தது. பராமரிப்பினால் நெருக்கடியை உணர்ந்தவர்கள் இறந்துபோகும் வாய்ப்பு, அந்தப் பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 விழுக்காடு அதிகமாக இருந்தது. பராமரித்தும் நெருக்கடியை உணராதவர்களிடம் அத்தகைய உயர்வு காணப்படவில்லை. அதாவது, பராமரிப்பு தன்னளவில் ஆளை அழிப்பதில்லை. தாங்கும் அளவை மீறிய பராமரிப்பே அழிக்கிறது.

மருத்துவத் துறையும் இதைப் பற்றிச் சிந்திக்காமல் இல்லை. 2009ஆம் ஆண்டில் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் கார்ல் மே, விக்டர் மொன்டோரி, ஃபிரான்செஸ் மேர் ஆகிய மூவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். நோயின் சுமை வேறு, சிகிச்சையின் சுமை வேறு. நோயாளியின் வாழ்க்கையை இயன்ற அளவு குறைவாகக் குலைக்கும் மருத்துவமே நாள்பட்ட நோய்களுக்குத் தேவை என்பது அவர்கள் கருத்து. அக்கருத்து நூல்களிலும் மாநாடுகளிலும் பேசப்படுகிறது. நம் புறநோயாளர் பிரிவின் மேசைக்கு அது இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை.

சொல்லாமல் விடுவதன் விலை

மேசைக்கு வராததற்கு ஒரு காரணம், எங்களிடம் நேரம் குறைவாக இருப்பது. இன்னொரு காரணம், உங்களிடம் தயக்கம் அதிகமாக இருப்பது. "எல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா?" என்று மருத்துவர் கேட்டால், "சாப்பிடுகிறார் டாக்டர்" என்பதே மரியாதையான பதில் என்று நம்மில் பலர் கருதுகிறோம். மதிய மாத்திரை வாரத்தில் மூன்று நாள் விட்டுப்போகிறது என்று சொன்னால் மருத்துவர் கோபித்துக்கொள்வாரோ என்ற அச்சம். அருகில் அமர்ந்திருக்கும் மாமியாருக்கோ கணவருக்கோ முன்னால் சொன்னால் தன்மீது குறை வருமோ என்ற கூச்சம்.

இந்த மௌனம் ஆபத்தானது. நிகழ்வது என்ன என்பதைப் பாருங்கள். மாத்திரைகள் அடிக்கடி விட்டுப்போவதால் இரத்த அழுத்தம் குறையாமல் நிற்கிறது. உண்மை தெரியாத மருத்துவர், மருந்து போதவில்லை என்று எண்ணி அளவைக் கூட்டுகிறார். அல்லது இன்னொரு மாத்திரையைச் சேர்க்கிறார். இப்போது வேலை இன்னும் கூடுகிறது; விட்டுப்போவதும் கூடுகிறது. பிறகு ஏதோ ஒரு காரணத்தால் நோயாளி மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். அல்லது ஊரிலிருந்து மகள் வந்து ஒரு வாரம் பொறுப்பாக எல்லா மாத்திரைகளையும் நேரம் தவறாமல் கொடுக்கிறார். எழுதப்பட்ட அளவு முழுவதும் முதன்முறையாக உடலுக்குள் போகிறது. அழுத்தம் சரிந்து, எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழுகிறார்கள். சர்க்கரை மருந்தாக இருந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வருகிறது. முதிய வயதில் ஒரு வீழ்ச்சி என்பது இடுப்பெலும்பு முறிவாக, அறுவைச் சிகிச்சையாக, படுக்கையாக முடியலாம்.

ஆகவே, "இது எங்களால் முடியவில்லை" என்ற சொல் மருத்துவருக்கு மரியாதைக் குறைவன்று. அவருக்குத் தேவையான தகவல்களில் முதன்மையானது அதுதான். எந்த இரத்தப் பரிசோதனையும் அதைக் காட்டித் தராது.

சிகிச்சையில் எவற்றைக் குறைக்கலாம்?

நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே குறைக்க முடியும். சிலவற்றைச் சொல்கிறேன். இவை உங்கள் மருத்துவரிடம் கேட்பதற்கானவை. நீங்களே முடிவு செய்வதற்கானவை அல்ல.

முதலாவது, வேளைகள். நாளுக்கு மூன்று வேளை மாத்திரை என்பதை இரண்டாகவோ ஒன்றாகவோ ஆக்க முடியுமா என்று கேளுங்கள். ஒரே நாளில் பலமுறை எடுக்கவேண்டிய மருந்துகள் பலவற்றுக்கு, ஒருமுறை எடுத்தால் போதுமான மாற்று உண்டு. இரண்டு மருந்துகள் சேர்ந்த ஒரே மாத்திரையும் கிடைக்கிறது. மதிய வேளையை நீக்கிவிட முடிந்தாலே, அலுவலகத்திலிருந்து செய்யும் அந்தத் தொலைபேசி அழைப்பு தேவையில்லாமல் போகும்.

இரண்டாவது, நேரம். இரத்த அழுத்த மாத்திரையைக் காலையில் எடுப்பது நல்லதா, இரவிலா என்று பல குடும்பங்கள் குழம்புகின்றன. பிரிட்டனில் 21,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2022இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வு, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றைத் தடுப்பதில் இரண்டுக்கும் வேறுபாடில்லை என்று கண்டது. மறக்காமல் எடுக்க முடிகிற நேரமே பெரும்பாலோருக்கு நல்ல நேரம். கொழுப்பைக் குறைக்கத் தரப்படும் அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் ஆகியவற்றையும் எந்த வேளையிலும் எடுத்துக்கொள்ளலாம். தைராய்டு மாத்திரையைக் காலையில் கொடுப்பது பெரும் அவதியாக இருந்தால், இரவு உணவு முடிந்து மூன்று மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது கொடுக்கலாமா என்று கேட்கலாம். சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து மாத்திரைகளை மட்டும் அதனோடு சேர்க்காமல் நான்கு மணி நேரம் தள்ளி வைக்க வேண்டும்.

மூன்றாவது, பரிசோதனைகள். எல்லா இரத்தப் பரிசோதனைக்கும் வெறும் வயிறு வேண்டும் என்ற எண்ணம் தவறு. ஏறத்தாழ மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. தைராய்டு, சிறுநீரகப் பரிசோதனைகளுக்கும் பொதுவாகத் தேவையில்லை. கொழுப்புப் பரிசோதனையைக்கூடப் பெரும்பாலும் உணவுக்குப் பின்னரே செய்யலாம். முதியவரைப் பட்டினியாக அழைத்துக்கொண்டு விடியற்காலையில் பேருந்து ஏற வேண்டிய கட்டாயம் உண்மையில் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். வீட்டில் விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பதும் அப்படியே. இன்சுலின் போடுபவர்களுக்கு அது இன்றியமையாதது. சர்க்கரையைத் தாழ்த்தாத வகை மாத்திரை மட்டும் எடுப்பவர்களில் பலருக்கு நாள்தோறும் தேவைப்படுவதில்லை.

நான்காவது, பயணங்கள். சர்க்கரைப் பிரிவு ஒரு நாள், கண் பிரிவு ஒரு நாள், இதயப் பிரிவு ஒரு நாள் என்று மூன்று முறை வருவதற்குப் பதில் ஒரே நாளில் அமைத்துத் தர முடியுமா என்று வரவேற்பு மேசையிலேயே கேளுங்கள். வெறும் தொடர் மருந்துக்காக நீண்ட தொலைவு வருபவர்கள், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதே மருந்து கிடைக்கிறதா என்று விசாரிக்கலாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் உரிய மாத்திரைகள் வீட்டுக்கே கொண்டுவந்து தரப்படுகின்றன. வர இயலாதவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் வலி தணிப்புப் பராமரிப்பும் வீட்டிலேயே கிடைக்க அதில் வழியுண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை. குறைப்பது வேறு, நிறுத்துவது வேறு. இன்சுலின், வலிப்பு மருந்து, ஸ்டீராய்டு, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, ஸ்டென்ட் வைத்த பின் தரப்படும் மருந்து, இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் மருந்து ஆகியவற்றை எவ்வளவு வேலைப்பளு இருந்தாலும் தாமாக ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. அவற்றில் சிலவற்றைத் திடீரென நிறுத்துவதே உயிருக்கு ஆபத்தாகும்.

வீட்டில் எவற்றைக் குறைக்கலாம்?

வீட்டுக்குள் முதலில் நீக்கவேண்டியது இரண்டாவது அடுப்பு. சர்க்கரை நோயாளிக்கு நாங்கள் சொல்லும் உணவு என்ன? சோற்றைக் குறைத்துக் காய்கறியையும் பருப்பையும் கூட்டுவது. எண்ணெய், சர்க்கரை, உப்பு ஆகியவற்றைக் குறைப்பது. இது நோயாளிக்கு மட்டும் உரிய பத்தியம் அன்று. வீட்டில் உள்ள வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் ஏற்ற உணவு. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்த ஒருவருக்குச் சொல்லும் உப்பின் அளவே நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவுதான். ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. குழம்பில் உப்பைக் குறைத்துப் போட்டு, வேண்டுபவர் தட்டில் சிறிது சேர்த்துக்கொள்ளட்டும். அதற்காக இந்துப்பைத் தேடி வாங்கவும் தேவையில்லை. அதிலும் பெரும்பகுதி சோடியம் குளோரைடே. சிறுநீரக நோயாளிகளுக்குப் பொட்டாசியம், நீர் அளவு முதலியவற்றில் தனிக் கட்டுப்பாடு உண்டு. வளரும் குழந்தைகளின் தேவையும் வேறு. அந்த வீடுகளில் உணவியல் நிபுணரிடம், "ஒரே சமையலில் எதை மட்டும் பிரித்தெடுத்தால் போதும்?" என்று கேளுங்கள். அவர்களால் வழி சொல்ல முடியும்.

அடுத்து, நினைவின் சுமை. "நான் உதவி செய்கிறேனே, மருந்து வாங்கி வரச் சொன்னால் வாங்கி வருகிறேனே" என்று வீட்டில் உள்ள ஆண்கள் சொல்வதுண்டு. சொன்னால் வாங்கி வருவது உதவிதான். ஆனால் மருந்து எப்போது தீரும் என்பதை நினைவில் வைத்து, சொல்லவேண்டிய நாளில் சொல்லும் வேலை இன்னொருவரிடமே தங்கிவிடுகிறது. ஓய்வு நேரத்திலும் தூக்கத்திலும் விடாமல் துரத்துவது அந்த நினைவுதான். எனவே வேலையைப் பகிர்வதைவிடப் பொறுப்பை முழுமையாகப் பகிர்வது நல்லது. மருந்து வாங்குவது கணவரின் பொறுப்பு என்றால், மாத்திரைப் பெட்டியைப் பார்த்து, எண்ணி, தீருமுன் வாங்கி வருவது வரை அவருடையதே. காப்பீட்டுத் தாள்களும் மருத்துவர் சந்திப்பை முன்பதிவு செய்வதும் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் மகனுடையதாகலாம். அதற்குத் தொலைவு தடையில்லை. "அம்மாவை எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்?" என்று நாள்தோறும் கேட்பதைவிட அது பெரிய துணை. நோயாளியும் தம்மால் இயன்றதைத் தாமே செய்யட்டும். மாத்திரைப் பெட்டியைத் தாமே நிரப்பிக்கொள்ள முடிகிற ஒருவரிடமிருந்து அந்த வேலையைப் பிடுங்கிக்கொள்வது அவருக்கும் நன்மையன்று.

மூன்றாவதாக, உறவுமுறைச் சடங்குகள். இதைச் சொல்லத் தயக்கம் இருந்தாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. திருமணம், காதுகுத்து, வளைகாப்பு, புதுமனை புகுவிழா என்று ஓர் ஆண்டில் எத்தனை அழைப்புகள்! நாம் போகாவிட்டால் நாளை நம் வீட்டு விசேஷத்துக்கு யார் வருவார்கள், வைத்த மொய்யைத் திருப்பிச் செய்யாமல் விடலாமா என்ற கவலைகள். உறவுகளை அறுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. நெருக்கடியில் இரத்தம் கொடுக்கவும், இரவில் துணைக்குப் படுக்கவும் வருபவர்கள் அவர்களே. ஆனால் உறவு வேறு, முறைமை வேறு. "இந்த ஓர் ஆண்டு எங்களால் வர இயலாது, வீட்டில் உடல்நலமில்லை" என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால், உண்மையான உறவினர் புரிந்துகொள்வர். நலம் விசாரிக்க வருபவர்களுக்குக் காபி, டிபன் செய்வதே ஒரு வேலையாகிவிடும் வீடுகளும் உண்டு. வருகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: அரை மணி நேரம் நோயாளியின் அருகில் நீங்கள் இருங்கள், கவனித்துக்கொள்பவர் சற்றுப் படுத்து எழட்டும். பழக்கூடையைவிட அது மேலானது.

நான்காவதாக, அறிவுரைகள். ஒருவர் பாகற்காய்ச் சாறு என்பார். இன்னொருவர் வாட்ஸ்அப்பில் வந்த கஷாயத்தை அனுப்புவார். வேறொருவர் வேறு மருத்துவரின் பெயரைச் சொல்வார். ஒவ்வோர் அறிவுரையும் ஒரு புதிய வேலை. செய்யாமல் விட்டால் ஒரு புதிய குற்ற உணர்வு. நோயாளியின் உடல்நலம் குறித்து வெளியாருடன் பேசுவதற்கு வீட்டில் ஒருவர் மட்டும் இருக்கட்டும். "எங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறோம்" என்பதே எல்லோருக்கும் அவர் சொல்லும் பதிலாக இருக்கட்டும்.

எழக்கூடிய மறுப்புகள்

இவையெல்லாம் வசதி உள்ளவர்களுக்கு எளிது. அன்றாடக் கூலியில் வாழும் குடும்பத்தில் கழித்துப் போட என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு நாள் மருத்துவமனைக்கு வந்தால் இரண்டு பேரின் கூலி போகிற வீட்டில், குடும்பம் கழிப்பதற்கு அதிகம் இல்லை. அங்கே கழிக்கவேண்டியவர்கள் நாங்கள். தேவையற்ற மாத்திரையை நீக்குவது, விலை குறைந்த மாற்றை எழுதுவது, வருகைகளை ஒரே நாளில் சேர்ப்பது, வராமலே முடிகிற காரியத்துக்கு வரச் சொல்லாதிருப்பது ஆகியவை மருத்துவமனையின் கடமை. அதைக் கேட்டுப் பெறுவது சலுகையன்று, உங்கள் உரிமை.

இன்னொரு மறுப்பு எங்கள் தரப்பிலிருந்தே வரும். சற்றுத் தளர்த்தினால் நோயாளிகள் முற்றிலும் தளர்ந்துவிடுவார்கள் என்று அஞ்சும் மருத்துவர்கள் உண்டு. அந்த அச்சத்தை நான் அறிவேன்; ஏற்கவில்லை. செய்ய இயலாத பத்தைச் சொல்லி நான்கைப் பெறுவதைவிட, செய்ய இயன்ற ஆறைச் சொல்லி ஆறையும் பெறுவது நோயாளிக்கு நல்லது. எந்த நான்கு விட்டுப்போகிறது என்பது நமக்குத் தெரிந்தே விடப்படுவதாவது மிஞ்சும். இன்றியமையாத மருந்து விட்டுப்போய், இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேறுபாடில்லாத சத்து மாத்திரை தவறாமல் உட்கொள்ளப்படும் நிலை வரக் கூடாது. எது முதன்மை, எது இரண்டாம் நிலை என்று வரிசைப்படுத்திச் சொல்வது எங்கள் பொறுப்பு.

அடுத்த முறை வரும்போது

ஒரு சிறு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். அடுத்த முறை எங்களிடம் வருவதற்கு முன், நோயின் பொருட்டு உங்கள் வீட்டில் காலை முதல் இரவு வரை நடக்கும் வேலைகளை ஒரே ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதைச் செய்பவரின் பெயரை எழுதுங்கள். ஒரே பெயர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். அவற்றுள் மிகவும் கடினமானது எதுவோ அதன்கீழ் ஒரு கோடு போடுங்கள். மருத்துவர் அறைக்குள் நுழைந்ததும் பரிசோதனை முடிவுகளுக்கு முன் அந்தத் தாளை மேசையில் வையுங்கள். பிறகு மூன்று கேள்விகள் கேளுங்கள்: இவற்றில் எதை நிறுத்தலாம்? எதை ஒன்றாகச் சேர்க்கலாம்? எதை ஒருபோதும் விடக் கூடாது? இதற்கு ஐந்து நிமிடங்கள் போதும்.

அந்தத் தாளில் யாருடைய பெயர் அதிகமாக இருக்கிறதோ, அவருக்கு ஒரு சொல். உடன் வந்தவர் என்ற முறையில் நீங்கள் எத்தனையோ முறை இந்த அறைக்கு வந்திருப்பீர்கள். உங்களுக்கு இரத்த அழுத்தம் கடைசியாக எப்போது பார்க்கப்பட்டது? அடுத்த முறை வரும்போது நோயாளியோடு சேர்ந்து நீங்களும் கையை நீட்டுங்கள். அதற்குத் தனிச் சீட்டு வேண்டுமென்று எந்தச் செவிலியரும் சொல்லமாட்டார்.